வதரிக்குச் செல்லும் வழி: மலைத் திவ்யதேச யாத்திரையில் முன்னோர் ஒழுக்கம்

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியைத் தொடங்கித் திருமந்த்ரத்தின் ஏற்றத்தை முதல் திருமொழியில் அருளிச்செய்தபின், இரண்டாம் திருமொழியிலேயே இமயத்துக்கு எழுந்தருளிவிடுகிறார். முதலில் திருப்பிரிதி, அடுத்து இரண்டு திருமொழிகள் வதரிக்கு, பிறகு ஸாளக்ராமம், நைமிசாரண்யம், சிங்கவேள்குன்றம், திருவேங்கடம். முதல் பத்து முழுவதும் ஏறக்குறைய மலையும் காடுமாகவே நடக்கிறது. சோழ நாட்டு வயல்களிடையே அவதரித்த ஆழ்வார், தம் நாட்டுத் திருப்பதிகளைப் பாடுவதற்கு முன்பே மனிதர் கால் அரிதாகப் பட்ட இடங்களைப் பாடப் புகுந்தது ஏன் என்பது வ்யாக்யான காலக்ஷேபங்களில் கேட்கப்படும் கேள்வி. நாராயணன் தானே சிஷ்யனும் ஆசார்யனுமாய் நின்று திருமந்த்ரத்தை வெளியிட்ட இடம் பதரிகாச்ரமம் ஆகையால், மந்த்ரம் பிறந்த இடத்தை முதலில் தேடிச் சென்றார் என்பர். அது ஸம்ப்ரதாயம் அறிந்த விடை. இவ்வியாஸத்தில் அடியேன் விசாரிக்கப் புகுந்தது அதனோடு ஒட்டிய வேறொன்று. அந்த மலைகளின் காட்டுத்தன்மையை ஆழ்வார் எப்படிக் கண்டார், நம் பூர்வர்கள் அத்தகைய இடங்களில் எப்படி நடந்துகொண்டார்கள், நாம் இப்பொழுது எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே அது.

திருப்பிரிதித் திருமொழியில் ஆழ்வார் காட்டும் மலை, பக்தர் கூட்டம் நிறைந்த மலை அன்று. அங்கே ஆண்யானை மூங்கிலின் இளமுளையைத் தேனில் தோய்த்துத் தன் பிடிக்கு ஊட்டுகிறது. இருண்ட முழையில் பசியோடு மலைப்பாம்பு நெட்டுயிர்க்கிறது. இவற்றை நீக்கிவிட்டு எம்பெருமானை மட்டும் பாடியிருக்கலாம். ஆழ்வார் அப்படிச் செய்யவில்லை. யானையும் பாம்பும் மூங்கிலும் தேனும் அவனுடைய வாஸஸ்தானத்தின் சிறப்பாகவே பாட்டுக்குள் வருகின்றன. சிங்கவேள்குன்றத் திருமொழியிலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, அவ்விடம் தேவர்களுக்கன்றி மற்றையோர்க்குச் சென்று சேர அரியது என்பதையே சிறப்பாகப் பாடுகிறார். அருமை எப்படிச் சிறப்பாகும்? எம்பெருமானுக்கு என்ன வருமோ என்று பரிந்து மங்களாசாஸனம் செய்பவர்க்கு, அன்பில்லாதார் எளிதில் நெருங்க முடியாத இடத்தில் அவன் இருப்பது நெஞ்சுக்கு ஆறுதல் தருவதாம். பெரியோர் இப்படி அருளிச்செய்யக் கேட்டிருக்கிறோம். கரடுமுரடான வழி அவனுக்கு ஒரு மதிள் போன்றது. இந்த ஒரு கருத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், மலைக்குச் செல்லும் வழியை அகலமாக்குவது எப்பொழுதும் கைங்கர்யமே ஆகும் என்ற எண்ணம் ஸம்ப்ரதாயத்துக்கு இயல்பானது அன்று என்பது விளங்கும்.

மலை ஜடமான வெறும் கல் அன்று என்பதும் நமக்குப் புதிதாகச் சொல்லவேண்டியது அன்று. ஸ்ரீபாகவதம் இரண்டாம் ஸ்கந்தத்தில் விராட் புருஷனுடைய திருமேனியை வர்ணிக்குமிடத்தில் மலைகளை எலும்பாகவும் நதிகளை நாடிகளாகவும் மரங்களை ரோமங்களாகவும் கூறுகிறது. சரீர-சரீரி பாவத்தை ஸித்தாந்தத்தின் உயிர்நிலையாகக் கொண்ட நாம், இதைக் கவியின் அலங்காரம் என்று தள்ளிவிட்டுப் போக இயலாது.

இதை அநுஷ்டானத்தில் காட்டியவர் எம்பெருமானார். திருமலை ஆதிசேஷனுடைய வடிவு ஆகையால் அதைத் திருவடியால் மிதிக்க அஞ்சி அவர் அடிவாரத்திலேயே நின்றதும், தேவரீர் ஏறாவிடில் நாங்களும் ஏறோம் என்று அங்குள்ளார் விண்ணப்பித்தபின் முழந்தாளால் ஏறியதும் யாவரும் அறிந்ததே. அவ்வளவு பிரஸித்தி பெறாத மற்றொரு பகுதியும் குருபரம்பரை வழக்கில் உண்டு. நித்யஸூரிகள் வாழும் இடத்தில் தேஹதர்மங்கள் நேரலாகாது என்று, மலைமேல் இருந்த மூன்று நாளும் அவர் அமுது செய்யாமலே எழுந்தருளியிருந்தாராம். முழந்தாளால் ஏறியதை நாம் உபந்யாஸங்களில் உருகிச் சொல்கிறோம். இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆனால் மலை யாத்திரைக்கு இதைவிட நேரான உபதேசம் கிடைப்பது அரிது. மலையில் எவ்வளவு நேரம் தங்குவது, அங்கே எதை விட்டு வருவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர் ஒரே செயலால் விடை சொல்லிவிட்டார்.

எதை எடுத்து வருவது என்ற மூன்றாவது கேள்விக்கு அனந்தாழ்வான் வழியாக விடை வந்தது. திருமலையிலிருந்து கொண்டுவந்த ப்ரஸாதத்தில் எறும்புகள் இருக்கக் கண்டு, அவற்றைத் திரும்ப மலையிலேயே கொண்டுபோய் விடச் செய்தார் என்பது ஐதிஹ்யம். திருவேங்கடத்தில் ஏதேனுமொன்றாகப் பிறக்க வேண்டும் என்று குலசேகரப் பெருமாள் ப்ரார்த்தித்திருக்க, அந்த எறும்புகளில் அவரும் இருக்கக்கூடுமே என்பது ஹேது. இதில் நகைச்சுவை காண்பவர் காணட்டும். மலைக்கு உரிய ஓர் உயிரை அறியாமல் இடம்பெயர்த்ததையும் அபசாரமாக எண்ணிய நெஞ்சு அது. மலையில் பூத்த பூவெல்லாம் அவனுக்கே என்று திருமலையில் பக்தர்கள் பூச் சூடாத நியமமும் இந்த வழிப்பட்டதே.

திருமலைக்குரிய ஒழுக்கம் இமயத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். சாஸ்த்ரம் மலைகளைப் பொதுவாகவே எடுத்துப் பேசுகிறது. மனுஸ்ம்ருதி நான்காம் அத்யாயத்தில் நீரிலும், நதிக்கரையிலும், மலையிலும், மலையின் உச்சியிலும் மலஜலாதிகள் கழிப்பதை விலக்குகிறது. வெளிநாடுகளில் மலையேறுவோர் இன்று தமக்குள் வகுத்துக்கொண்டுள்ள நியமங்களில், நீர்நிலையிலிருந்து இவ்வளவு அடி விலகிச் செல்க, குழி தோண்டி மூடுக என்றெல்லாம் உள்ளன. படித்துப் பார்த்தபோது அடியேனுக்கு அவை அயலாகத் தோன்றவில்லை. மத்ஸ்ய புராணத்தின் ப்ரயாக மாஹாத்ம்யமோ, செல்வச் செருக்கால் வாஹனமேறித் தீர்த்தம் செல்பவனுக்கு யாத்திரை பயனற்றது என்று கடிந்துரைக்கிறது. முடவரும் முதியவரும் வண்டியில் போகலாகாது என்பது இதன் பொருளன்று. நடை, யாத்திரையின் உறுப்பு என்பதே பொருள்.

இனி வதரி வழியின் வரலாற்றைப் பார்ப்போம். ரிஷிகேசத்திலிருந்து அலகநந்தையின் கரையோடு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்து, கடல்மட்டத்துக்கு மேல் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஆச்ரமத்தை அடைய வேண்டும். வழியில் தேவப்ரயாகை, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். அதற்கும் மேலே ஜோஷிமடம். இதையே திருப்பிரிதி என்று கொள்வோர் பலர், வேறிடம் கூறுவாரும் உளர். அந்த விவாதம் இங்கே வேண்டா. லக்ஷ்மண ஜூலாவில் கங்கையைக் கடக்க 1889 வரை சணல் கயிற்றுப் பாலமே இருந்தது. அவ்வாண்டு இரும்புக் கயிற்றால் அமைத்த பாலத்தையும் 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று.

குமாவோன் கமிஷனராயிருந்த ட்ரெயில் என்பவர் 1820களில் யாத்திரை வழியைச் செப்பனிட்ட பிறகும் அது நடைவழியாகவே இருந்தது. சில மைல்களுக்கு ஒன்றாகச் சட்டி எனப்படும் தங்குமிடங்கள் இருந்தன. கடைக்காரனிடம் மாவும் பருப்பும் வாங்கினால் தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் இலவசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலி கமலிவாலா, அதாவது கறுப்புக் கம்பளியார், என்று பெயர் பெற்ற ஸ்வாமி விசுத்தாநந்தர் ரிஷிகேசத்தை இடமாகக் கொண்டு வழியெங்கும் அன்னமும் தங்குமிடமும் ஏற்படுத்தினார். வடநாடு சென்ற தென்னாட்டு ஸ்ரீவைஷ்ணவர்களில் அவருடைய தர்மத்தால் குளிரில் உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் அந்தக் கம்பளியாரை எம்மதத்தவர் என்று கேளாமலே கைகூப்பி நினைப்பார்கள்.

அந்தக் காலமெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் உண்மையன்று. ஹரித்வாரக் கும்பமேளாக்களையொட்டி மலைவழியெங்கும் காலரா பரவிய செய்தி அக்கால ஆவணங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. யாத்திரிகர் குடித்த ஊற்றிலேயே யாத்திரிகர் அசுத்தம் சேர்ந்ததும், நோய் வழியோரத்து மலைக் கிராமங்களுக்குள் புகுந்ததும் அதன் விளைவுகள். மனுவின் விதியைப் பாராயணம் செய்தவர்கள் நடந்த வழியில்தான் அது மீறப்பட்டது. மீறியவர்களும் பக்தர்களே. கால்நடையாகச் சென்றதனாலேயே மலைக்குத் தீங்கு செய்யாதிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை குறைவாக இருந்ததனால் மலை பொறுத்தது.

மலை பொறுக்காத சமயங்களும் உண்டு. 1893 செப்டம்பரில் கோஹ்னா என்ற ஊரருகே மலைச்சரிவு விழுந்து, அலகநந்தையில் சேரும் பிரஹி கங்கை அடைபட்டுப் பெரியதோர் ஏரி உண்டாயிற்று. பொறியாளர் புல்ஃபோர்டு, மறு ஆண்டு மழைக்காலத்தில் நீர் மேலே வழிந்து அணை உடையும் என்று கணித்தார். தந்திக் கம்பி இழுத்தார்கள், தொங்குபாலங்களைக் கழற்றினார்கள், யாத்திரிகர் வழியை வெள்ளம் எட்டாத உயரத்துக்கு மாற்றினார்கள், கரையோர மக்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். 1894 ஆகஸ்டு 25 இரவு ஏரி உடைந்தது. கட்வாலின் பழைய தலைநகரான ஸ்ரீநகரம் அழிந்தது. ஆயினும் போன உயிர்கள் ஐந்தே. அவர்களும் வெளியேற்றிய பின் திரும்பி வந்த ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாரும். மலை சொல்வதைக் கேட்டு, யாத்திரையை அதற்கேற்பத் திருப்பிவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இல்லை. தூரத்திலிருந்து செய்தி அறிய ஒற்றைத் தந்திக் கம்பியன்றி வேறில்லாத காலம் அது.

1962 சீனப் போருக்குப் பின் ராணுவத்துக்காக மோட்டார்ச் சாலை மேலே ஏறியது. பின்னாலேயே பேருந்துகளும் ஏறின. 1970 ஜூலையில் அலகநந்தையில் வந்த பெருவெள்ளம் பேலாகூசி என்ற ஊரையும் அங்கே நின்ற பேருந்துகளையும் அடித்துச் சென்றது. கோஹ்னா ஏரியில் எஞ்சியிருந்ததும் அப்பொழுது தூர்ந்தது. மேலே மரங்களை வெட்டியதற்கும் கீழே வந்த வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் அவ்வூர் மக்கள். 1974 மார்ச்சில் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரங்களைக் காக்க முன்னின்றது இதன் தொடர்ச்சி. ரேணி, ஜோஷிமடத்திலிருந்து அதிக தூரமில்லை. திருப்பிரிதியின் பொழிலைப் பாசுரத்தில் சேவித்துக்கொண்டு நாம் இங்கே அமர்ந்திருந்தபோது, அந்தப் பொழிலைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் அந்தப் பெண்கள்.

அதே 1974இல் பதரி ஸந்நிதியிலேயே ஒரு விவாதம் எழுந்தது. கோயிலைச் சுற்றி உயர்ந்த சிமென்ட் சுவர் எழுப்பும் திருப்பணி தொடங்க, பழைய கட்டடத்தின் வடிவும் மலைச்சூழலும் கெடும் என்று சண்டி ப்ரஸாத் பட் முதலானோர் எதிர்த்தனர். அரசு அதை நிறுத்திற்று. திருப்பணி என்று பெயர் வைத்த மாத்திரத்தில் எல்லாம் திருவுள்ளத்துக்கு உகந்தது ஆகிவிடாது என்று சொல்ல அப்பொழுது சிலர் இருந்தார்கள்.

ஜோஷிமடத்தில் வீடுகள் விரிசல் காணத் தொடங்கியதை ஆராய, கட்வால் கமிஷனர் மிச்ரா தலைமையில் அமைந்த குழு 1976இல் அறிக்கை தந்தது. ஊர் நிற்பது கெட்டியான பாறையின்மேல் அன்று, பழைய மலைச்சரிவின் மண்ணும் கல்லும் சேர்ந்த குவியலின்மேல். ஆகவே கனமான கட்டடம் வேண்டா. சரிவிலுள்ள பெருங்கற்களை வெடிவைத்தும் தோண்டியும் எடுக்க வேண்டா. மரங்களை வெட்டாமல் புதிதாக நட வேண்டும். இவ்வளவும் அதில் இருந்தன. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பிளவுபட்டு, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியபோதுதான் நாடு அவ்வறிக்கையை நினைத்தது. நீர்மின் திட்டத்தின் சுரங்கம், வடிகாலற்ற கழிவுநீர், அடுக்குமாடி விடுதிகள் என்று காரணங்களைப் பலர் பலவாறு வாதிக்கிறார்கள். சுரங்கத்துக்கு நாம் பொறுப்பல்லோம். விடுதிகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவை எழுந்தது நமக்காக. 2023இல் மட்டும் பதரிக்குச் சென்றவர்கள் சுமார் 18 லட்சம் பேர், அதுவும் ஸந்நிதி திறந்திருக்கும் ஆறுமாதத்துக்குள்.

ஜோஷிமடத்து ந்ருஸிம்ஹனுடைய திருக்கை ஆண்டுதோறும் மெலிந்துவருகிறது. அது ஒடியும் நாளில் ஜய விஜய மலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பதரி வழி அடைபடும். அதன்பின் எம்பெருமான் பவிஷ்ய பதரியில் ஸேவை ஸாதிப்பான் என்பது அவ்வூர் வழக்கு. இதை எத்தனையோ யாத்திரிகர் கேட்டு வியந்து திரும்பியிருக்கிறார்கள். வழி என்றும் திறந்திருக்கும் என்று எண்ணாதே என்று அவ்வூரார் தம் கதைக்குள்ளேயே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

மலையை முற்றிலும் அடைத்துவிடுவது தீர்வாகுமா? அந்த மாவட்டத்திலேயே உதாரணம் உள்ளது. நந்தா தேவி சிகரத்தைச் சுற்றிய பகுதி 1974இல் வெளியாருக்குத் திறக்கப்பட, மலையேறுவோர் விறகுக்கு மரத்தை வெட்டியும் குப்பையைக் குவித்தும் பத்தாண்டுக்குள் பாழாக்கினர்; 1982இல் தேசியப் பூங்காவாகி, உடனே அடைக்கப்பட்டது. காடு தழைத்தது. ஆனால் தலைமுறையாக அங்கே மேய்ச்சலும் மூலிகையும் கொண்டு வாழ்ந்தவர்களுக்கும் கதவு மூடப்பட்டது. அவர்களில் ரேணி கிராமத்தாரும் உண்டு. மரத்தைக் காத்தவர்கள் வெளியே நிற்க நேர்ந்தது நியாயமாகத் தோன்றவில்லை. அண்டையிலுள்ள பூக்களின் பள்ளத்தாக்கிலோ பகலில் சென்று பார்க்கலாம், இரவில் தங்கலாகாது, குதிரை கொண்டுசெல்லலாகாது என்று வைத்தார்கள். இது எம்பெருமானார் திருமலையில் காட்டிய வழிக்கு அருகில் வருவது. சென்று ஸேவிக்கலாம், அங்கே குடியேறுவது நம் இடமன்று.

வதரி என்பது இலந்தை. மரத்தின் பெயரால் வழங்கும் திவ்யதேசத்தைச் சுற்றி மரமே அரிதாகிவிட்டிருந்தது. 1993இல் விஞ்ஞானிகள் சிலர் ஸந்நிதி ராவலை அணுகினர். நம்பூதிரி மரபில் வந்த அவர், மரக்கன்றுகளை எம்பெருமானுக்குக் காட்டி, ஆசீர்வதித்து, ப்ரஸாதமாக யாத்திரிகர் கையில் கொடுத்து, பதரீவனத்தை மீண்டும் உண்டாக்குங்கள் என்றார். அரசாங்கம் நடச் சொன்னால் நடாத கைகள் ப்ரஸாதம் என்றதும் நட்டன. முதல் குளிர்காலத்துப் பனியில் பல கன்றுகள் பட்டுப்போயின; பனியின் பாரம் தாங்க மூடிகள் செய்து வைத்து மீண்டும் நட்டார்கள். கோயில் அர்ச்சகர் ஒருவர் நினைத்தால் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு இதைக் கோயில் கைங்கர்யபரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, நம்மவர் ஆசாரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்னாட்டிலிருந்து செல்லும் கோஷ்டிகள் மடி கருதித் தாமே பரிசாரகரையும் பண்டங்களையும் கொண்டுசெல்கின்றன. அது நல்லதே. முன்பு தையல் இலையில் அமுது செய்தார்கள், எறிந்தால் மண்ணாயிற்று. இன்று பிளாஸ்டிக் பூசிய தட்டும் குவளையும் பாட்டில் நீரும். பிறர் எச்சில் படாதது, ஒருமுறை பயன்படுத்தி எறிவது, ஆகவே சுத்தம் என்று ஸமாதானம் சொல்லப்படுகிறது. எச்சில் தன்மேல் படக்கூடாது என்று கருதுபவர், தம் உச்சிஷ்டத்தை எம்பெருமானுடைய திருமேனியாகிய மலைச்சரிவில் விட்டு வருவதை எந்த ஸ்ம்ருதியைக் கொண்டு ஸமர்த்திப்பார்? அலகநந்தையில் நீராடி உடுத்த வஸ்த்ரத்தை ஆற்றிலேயே விடுவது, தப்த குண்டத்தில் சோப்புத் தேய்த்துக் குளிப்பது, இவற்றுக்கும் ப்ரமாணம் இல்லை. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தலைக்கு ஒன்று எடுத்துச்சென்று, தேய்த்துக் கழுவி வைத்துக்கொள்வது மடிக்கும் பொருந்தும், மலைக்கும் பொருந்தும். எங்கள் அகத்தில் பெரியவர்கள் சொம்பில்லாமல் யாத்திரை புறப்பட்டதே இல்லை.

முதுமை வந்து கோலூன்றி இருமித் தள்ளாடும் முன்பே வதரி சென்று தொழுமின் என்பது திருமங்கையாழ்வாருடைய உபதேசம். கால் திடமாயிருக்கும்போது போ என்றால் நடந்து போ என்பதும் அதில் அடங்கும். ஜோஷிமடத்திலிருந்து பதரி சுமார் 45 கிலோமீட்டர். யாத்திரை நடத்தும் கோஷ்டித் தலைவர்கள், உடல் வலிவுள்ள இளைஞர்களையேனும் பாண்டுகேச்வரத்திலிருந்து நடத்திக் கூட்டிச் செல்லலாம். ஒரு பருவத்தில் ஒரு கோஷ்டிக்கு மேல் அழைத்துச் செல்வதில்லை என்று ஸங்கல்பித்துக்கொள்ளலாம். மழைக்காலத்து ஆடி ஆவணியில் அறவே புறப்படாதிருக்கலாம்.